காகிதப் பூவுக்கு அடியில்

மார்ச் 4, செவ்வாய்

மேசையின் இடது முன்கால் ஆடுகிறது. இன்று அச்சுப் போட்ட வாழ்த்து அட்டைகளில் பாதி இரட்டை விழுந்துவிட்டது. இலைக்கொடி ஒன்று, அதை ஒட்டியே அதன் நிழல் மாதிரி இன்னொரு கொடி. மை நல்ல மை. ஸ்டாம்பின் ரப்பரும் தேயவில்லை. மேசைதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மரவேலை செய்கிறவர் வீட்டிலேயே மேசை ஆடினால் ஊர் சிரிக்கும் என்றேன். நாளைக்குப் பார்க்கிறேன் என்றார். இவருடைய நாளைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு வருஷம் கட்டிவிடலாம்.

கொழுந்தன் மனைவி சின்னவள் பக்கத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். கெட்டுப்போன அட்டைகளைக் குப்பையில் போடப் போனேன். “இருக்கட்டும்க்கா, வேற எதுக்காவது ஆகும்” என்று வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். சிக்கனத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மார்ச் 5

கால் சரியானது. அடியில் ஒரு மரச்சில் வைத்து அடித்துக் கொடுத்தார். மேசை இப்போது மலை மாதிரி நிற்கிறது.

இன்றும் இரட்டை விழுந்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும். நிறுத்திவிட்டு வேலை செய்தோம். வேர்த்துக் கொட்டியது. அப்படியும் விழுந்தது.

மார்ச் 10

பெரிய ஆர்டர். ஒரு கல்யாணப் பெண் தன் அம்மாவோடு வந்திருந்தாள். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி அனுப்ப அட்டை வேண்டுமாம். நாங்கள் எடுத்துப் போட்ட மாதிரிகளையெல்லாம் தள்ளிவிட்டு என் பழைய அட்டை ஒன்றைக் கையில் எடுத்தாள். வெண்ணெய் நிறக் காகிதம், குறுக்கே பொன்நிறக் கொடி. அவ்வளவுதான்.

“பூ, ரிப்பன் எதுவும் வேண்டாம். இந்தக் கொடி மட்டும் போதும்” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அறையில் அச்சு என் வேலை, காகிதம் சின்னவளின் வேலை. நான் ஸ்டாம்பில் மை தொட்டு அழுத்துவேன், மை காய்வதற்குள் பொன்பொடி தூவி, உதறி, ஹீட் கன்னால் சூடு காட்டுவேன். பொடி உருகி மேலெழும்பி நகை மாதிரி மினுங்கும். அவள் டிசைன் காகிதத்தை வெட்டி, மடித்து, பூ செய்து ஒட்டுவாள். இத்தனை வருஷத்தில் என் அச்சை மட்டும் கேட்டு வந்தவர்கள் குறைவு. ஓர்ப்படிகள் இரண்டு பேர் ஒரே அறையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், இன்னும் ரத்தம் வரவில்லையே என்று கொழுந்தன் கேலி செய்வான். வரவில்லைதான். ஆனால் இன்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாக இருந்தது. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன்.

அவள் முகம் விழுந்துபோயிருந்தது. அவர்கள் கிளம்பின பிறகு, இந்த ஆர்டர் நமக்கு வேண்டுமா அக்கா என்று கேட்டாள். ஏன் வேண்டாம் என்றேன். மாதிரிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

பொறாமை என்று எழுத மனம் வரவில்லை. வேறு என்னவென்று எழுதுவது?

மார்ச் 12

வயிறு எரிகிறது.

பொன்பொடி வாங்கக் கடைக்குப் போனேன். நாங்கள் வழக்கமாக அட்டை கொடுக்கிற கடைதான். எப்போதும் சின்னவள்தான் போவாள், இன்று நான் போனேன். கண்ணாடி அலமாரியில் எங்கள் அட்டைகள் இருந்தன. என் கொடிகள் எங்கே? எல்லாவற்றின் மேலும் பூ! ஓரத்தில் சின்னதாக ஒட்டினால் அழகு. இது நட்ட நடுவில், தட்டு மாதிரி. கொடி இரண்டு பக்கமும் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் வேறு சிரித்துக்கொண்டே, உங்க பூ மாசா மாசம் பெரிசாயிட்டே வருதே என்றார்.

என்ன நினைச்சுக்கிட்டு இருக்கா இவ? என் அச்சை மூடி மறைச்சிட்டா அவ வேலை மட்டும்தானே வெளியில தெரியும்? இத்தனை நாள் நான் என்ன குறை வச்சேன் இவளுக்கு? கூடப் பிறந்தவளா இருந்தாக்கூட இப்படித் தாங்கியிருக்க மாட்டேன்.

என் அட்டையை நானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

“இவ்ளோ பெரிய பூ எதுக்கு?”

அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “நல்லாருக்குன்னு ஒட்டினேன்க்கா” என்றாள். குனிந்து மறுபடி வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த அட்டையை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சாட்சிக்கு.

மார்ச் 13

கோந்து கேட்டாள். மேசையில் தள்ளிவிட்டேன்.

மார்ச் 17

கல்யாணப் பெண்ணின் வேலையைத் தொடங்கினேன். தொடங்கினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். காலையிலிருந்து மாலை வரை போட்டதில் தேறியது ஒரு கைக்குள் அடங்கும். அழுத்தும்போது சரியாகத்தான் தெரிகிறது. பொடி தூவினால் மானம் போகிறது. மை எங்கெங்கே பட்டதோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது இந்தப் பொடி. கண்ணுக்குத் தெரியாத நிழல்கூடப் பொன்னாக மின்னுகிறது.

மறுபடி மேசையைத் திட்டினேன். அவர் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துவந்து மேசை மேல் வைத்தார். குமிழ் நடுவில் போய் நின்றது, அசையவில்லை.

“மேசை நேராத்தான் இருக்கு” என்றார்.

அப்புறம் என் வலது கையைப் பார்த்தார். அதை மடியில் வைத்து மறு கையால் மூடிக்கொண்டேன். அவர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

மார்ச் 18

சின்னவள் பையனைப் பள்ளியில் விடப் போயிருந்தபோது இழுப்பறையைத் திறந்தேன். பூவுக்கு அடியில் என் கொடி எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. இவ்வளவு அழகான அச்சையா மூடினாய் என்று நாலு வார்த்தை கேட்கலாமே.

காகிதக் கத்தியைப் பூவுக்கு அடியில் மெதுவாகச் செருகினேன். பூ கழன்று வந்தது.

கொடி இரட்டையாக இருந்தது.

கடைக்குப் போக அடுக்கி வைத்திருந்த பெட்டியை இறக்கினேன். சின்னப் பூ ஓரத்தில் ஒட்டின அட்டைகளில் கொடி சுத்தமாக, ஒற்றையாக இருந்தது. பெரிய பூ ஒட்டினதையெல்லாம் ஓரத்தில் தூக்கிப் பார்த்தேன். இரட்டை. இரட்டை. இது மூன்றாகக்கூடத் தெரிகிறது. அவள் குப்பைக்குப் போகாமல் வாங்கி வைத்துக்கொண்டதெல்லாம் இதற்குத்தான். அடிப்பெட்டியில் போன மழைக்காலத்து அட்டைகள் இருந்தன. அப்போது பூ சின்னது. அதற்கப்புறம் கொஞ்சம் பெரிசு. அதற்கப்புறம் இன்னும் பெரிசு.

அத்தனை மாசமா இவளுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இல்லை, எனக்கும் தெரியும். மேசை, மின்விசிறி, மை என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லிக்கொண்டு வந்தேனே, தெரியாதவளா அப்படிச் செய்வாள்? இந்த நோட்டில்கூடப் பொய்தான் எழுதி வந்திருக்கிறேன்.

கை நடுங்குகிறது.

எழுதிவிட்டேன். என் கை நடுங்குகிறது.

மார்ச் 19

கோந்தை அவள் கையில் கொடுத்தேன்.

மார்ச் 21

இன்று கேட்டுவிட்டேன். கல்யாணப் பெண்ணுக்குச் சொல்லி ஆர்டரைத் திருப்பிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பூவைக் கழற்றிப் பார்த்தேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

எப்போது கவனித்தாய் என்று கேட்டதற்கு, நான் டீ கொண்டுவரும்போது கப்பு சாஸரில் தட்டுகிற சத்தத்தை மழைக்காலத்திலேயே கேட்டாளாம். நான் ஸ்டாம்பை அழுத்துகிறபோது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேனாம். முன்பெல்லாம் அப்படிச் செய்ததில்லையாம். அந்தப் பெண் பூ வேண்டாம் என்றதும் அவளுக்குப் பயமாகிவிட்டதாம். பூ இல்லாமல் எதை வைத்து மூடுவது? அதைத்தான் நான் பொறாமை என்று நினைத்தேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க அச்சைக் கீழ வச்சிடுவீங்க. நீங்க வச்சிட்டு எழுந்து போயிட்டா, நான் மட்டும் இந்த ரூம்ல உட்கார்ந்து என்னக்கா பண்ணுவேன்?”

அழுதாள். நானும்தான். பக்கத்தில் விரித்து வைத்திருந்த வெண்ணெய் நிறக் காகிதத்தில் கண்ணீர் பட்டுவிடப் போகிறதே என்று இரண்டு பேருமே நகர்ந்து உட்கார்ந்தோம். விலை அப்படி.

மார்ச் 25

டாக்டரிடம் போனோம். அவரும் வந்தார். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து நடுவிலிருந்து சுருள் வரையச் சொன்னார். எத்தனை சுருள் பார்த்த கை இது! கோழி கிளறின மாதிரி வந்தது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பயப்படுகிற நோய் இல்லை என்றார் டாக்டர். இந்த நடுக்கம் குடும்பத்தில் வருமாம், வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறின பிறகுதான் நினைவு வந்தது. அப்பா கடைசிவரை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். மனுஷனுக்கு என்ன பணிவு என்று எல்லோரும் மெச்சிக்கொள்வோம்.

நடுக்கம் போகுமா என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். குறையும் என்றார்.

ஏப்ரல் 1

மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுக்கிறது. அவர் ஒரு யுக்தி செய்தார். ஸ்டாம்பைத் தலைகீழாக ஒரு பலகையில் பொருத்தி, நான் காகிதத்தை அதன் மேல் வைத்து அழுத்தினால் போதும் என்றார். பாவம், நேற்று முழுக்க உட்கார்ந்து இழைத்தார். வைக்கும்போது காகிதம் நடுங்கியது. இரட்டை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், பலகை ரொம்ப அழகா இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

ஆக, வேறு வழியில்லை.

ஏப்ரல் 3

கொடி ஸ்டாம்பைச் சின்னவளிடம் கொடுத்தேன். எங்கள் முதல் ஸ்டாம்ப். அதன் கட்டையில் என் கட்டைவிரல் வைக்கிற இடம் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கும். அவள் விரல் அதில் உட்காரவில்லை.

இஸ்திரி போடுகிற மாதிரி தேய்க்கிறாள். பார்க்கச் சகிக்காமல் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கேயும் சத்தம் கேட்கிறதே. ஸ்டாம்ப் விழுந்தால் ஒரே சத்தம் வரணும். இவளுக்கு இரண்டு சத்தம் வருகிறது. முதல்ல ஒரு பக்கம் படுது, ரெண்டையும் சேர்த்து இறக்குடி என்று அங்கிருந்தே கத்தினேன். அப்புறம் ஒரே சத்தம்.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழவும் செய்தேன். இனி அந்த அறையில் எனக்கு என்ன வேலை?

ஏப்ரல் 8

ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்தால் காகிதம் கருகிவிடும். ஆட்டிக்கொண்டே இருக்கணும். ஆட்டுவதற்கு என் கையைவிட நல்ல கை உலகத்தில் உண்டா? சின்னவளிடம் சொன்னேன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தாள். சிரிடி என்றேன்.

பூ வெட்டுகிற பஞ்ச் கருவியும் எனக்கு வருகிறது. உள்ளங்கையை வைத்து உடம்போடு அழுத்தினால் போதும், விரலுக்கு வேலை இல்லை.

ஏப்ரல் 26

கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்து அட்டைகளை வாங்கிப் போனார்கள். பெண் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவி, மேடாக நிற்கிற கொடியை விரலால் தடவிப் பார்த்தாள். இதுதான் கேட்டேன் என்றாள்.

அம்மாக்காரி என்னையும் சின்னவளையும் மாறி மாறிப் பார்த்து, இந்தக் கொடி உங்களில் யார் போட்டது என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான்.

“இவதான்” என்றேன்.

சின்னவள் நிமிரவில்லை. கட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை இரண்டு தரம் அவிழ்த்துப் போட்டாள்.

மே 9

மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். தூக்கம் குறைந்தது. நடுக்கம் சில நாள் இருக்கிறது, சில நாள் ஓய்வெடுத்துக்கொள்கிறது. என் கையெழுத்தைப் பார்த்தால் பேருந்தில் உட்கார்ந்து எழுதின மாதிரிதான் இருக்கிறது. நான் மட்டும்தானே படிக்கப் போகிறேன்.

மே 22, வியாழன்

சின்னவளின் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ராத்தூக்கம் இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். கண் சொருகச் சொருக அச்சுப் போட்டாள். போய்ப் படு என்று சொன்னால் கேட்கிறவளா? மத்தியானம் பையன் கூப்பிட்டான் என்று எழுந்து போனாள்.

அவள் போட்டு வைத்ததற்கெல்லாம் பொடி தூவிச் சூடு காட்டினேன். நடுவில் ஒன்று இரட்டை. நல்ல இரட்டை. எனக்கே அவ்வளவு அழகாக விழுந்ததில்லை.

ரோஜா நிறக் காகிதத்தை எடுத்தேன். பெரிய பஞ்ச் கருவியை வைத்து அழுத்தி, இதழ்களைப் பென்சிலால் சுருட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தேன். ஒட்டும்போது கை கொஞ்சம் விளையாடியது. பூ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. காற்றடிக்கிறது என்று வைத்துக்கொள்ளட்டும். அட்டையை அடுக்கில் மற்றதோடு சேர்த்து வைத்தேன்.

சாயங்காலம் வந்து அடுக்கைச் சரிபார்த்தவள் அதை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

“இவ்ளோ பெரிய பூ எதுக்குக்கா?”

நல்லாருக்குன்னு ஒட்டினேன் என்றேன்.