துணிக்குப் பின்னால் ஓர் இறுதிப் போட்டி

ஏறாவூர்
30.11.2022

அன்புள்ள பஹ்மி காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் கால்வீக்கம் கொஞ்சம் குறைவு. எல்லாரும் உறங்கிய பிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். காலையில் இதை மதிலுக்கு மேலால் கொடுத்தால், பக்கத்து வீட்டுப் பரீனா படம் எடுத்துத் தன் போனில் அனுப்புவாள்.

எங்கள் ஒழுங்கைக்கு மேலே கட்டிய பிறேசில் கொடி மழையில் ஊறி, போகிற வாற ஆட்களின் தலையில் சொட்டுகிறது. எதிர் ஒழுங்கை ஆர்ஜென்டினா. கரண்ட் கம்பத்துக்கும் நீலம் அடித்துவிட்டார்கள். வாவிக்கரை மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி உலகக் கோப்பை ஆட்டம் காட்டுகிறார்கள். ஆம்பிளைகளுக்கு மட்டும். எங்களுக்குக் குசினி ஜன்னலால் சத்தம்தான் வரும்.

நீங்கள் பந்து பந்தென்று திரிந்து ஓ.எல். சோதனையில் பெயிலானபோது வாப்பா விற்ற டிவிக்குப் பதில் வேறொன்று இன்னும் வரவில்லை. அவர் மட்டும் ஓர் ஆட்டமும் விடுவதில்லை! எனக்குச் சொல்வது, "பந்துக் கதை உன்ட வாயில வந்தா ஸ்கூல் நிக்கும்."

நீங்கள் தோஹாவில் நேரில் பார்க்கிறீர்கள். எனக்கும் சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
நிஸ்மியா


தோஹா
10.12.2022

தங்கச்சி நிஸ்மியா,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ நினைப்பது பிழை. மைதானத்துக்குள் நிற்கிறேன்தான், ஆனால் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சனத்தைப் பார்ப்பதுதான் காவல்காரன் வேலை. திரும்பினால் சூப்பர்வைசர் ஏசுவான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் முகங்கள். ஜப்பான்காரர் ஆட்டம் முடிந்ததும் குப்பையைத் தாங்களே பொறுக்கிவிட்டுப் போனார்கள். துப்புரவு முடியும்வரை நாங்கள் காவல் நிற்க வேண்டும், அன்றைக்குத்தான் கொஞ்சம் வேளைக்கு உறங்கினேன். மொரோக்கோக்காரர் உம்மாமாரையும் கூட்டி வருகிறார்கள். நேற்று பிறேசில் தோற்றது, மஞ்சள் சட்டைக் கிழவர் ஒருவர் தொப்பியால் முகத்தை மூடியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இறுதிப் போட்டிக்கும் எனக்கு வேலை. பந்து எந்தப் பக்கம் போனதென்று நீயாவது பார்த்துச் சொல்லேன், ஹா ஹா. பெப்ரவரியில் லீவு. வருவேன்.

காக்கா


ஏறாவூர்
19.12.2022

காக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னியுங்கள்.

நேற்று இறுதிப் போட்டி பார்க்க நான் போனேன். உம்மா தொழுதுவிட்டுப் படுத்ததும் பின்கதவால் இறங்கி, வாவிப் பக்கத்தால் சுற்றி, அந்தத் துணிக்குப் பின்னால் நின்றேன். அங்கே சேறும் முள்ளுப் பற்றையும்தான், ஆள் வராது. படம் பின்பக்கமும் தெரிந்தது. கணுக்கால் வரை தண்ணீர். ஆட்டம் பெனால்டி வரைக்கும் இழுத்தது. கடைசிப் பந்து உள்ளே போனதும் துணிக்கு அந்தப் பக்கம் ஊரே கத்தியது. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

காலையில் பிளேன்டீ ஊற்றும்போது வாப்பா உம்மாவுக்குக் கதை சொன்னார். "கடைசி அடி இருக்கே, இடது மூலை! கோல்கீப்பர் மற்றப் பக்கம் பாய்ஞ்சான்."

நித்திரை இல்லாத தலை, காக்கா. "இல்ல வாப்பா, வலது" என்று சொல்லிவிட்டேன்.

வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். உள்ளங்கையை ஒருமுறை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "துணிக்குப் பின்னால நின்டு பார்த்தா வலதுதான்" என்றார். உம்மா வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தா. ஒரே சேறு.

"ஆர் உன்னைப் போகச் சொன்ன?" என்றார் வாப்பா.

நான் செருப்பைக் கழுவ எடுத்தேன்.

"நாளைக்கு ராவைக்குள்ள சொல்லு. இல்லாட்டி இனி ஸ்கூல் பையத் தூக்க வேணாம்."

பார்த்துச் சொல்லேன் என்று எழுதிய உங்கள் பேரை எப்படிச் சொல்ல? என்ன செய்வது, காக்கா?

நிஸ்மியா


தோஹா
20.12.2022

நிஸ்மியா,

பயப்படாதே. வாப்பாவுக்கு இன்று போன் எடுத்தேன். நான்தான் போகச் சொன்னேன், என் சொல்லைத் தட்ட முடியாமல் போனாள் என்றேன். "நீ கெட்டது போதாதா? அவளையும் கெடுக்கிறியா? லீவுக்கு இஞ்ச வராத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பரவாயில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்கு நிற்கச் சொல்லி இங்கே கேட்கிறார்கள். கையெழுத்து வைத்துவிடலாம் போலிருக்கிறது. முழங்கால் நோகிறது, யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது. நீ படி.

அந்தக் கடைசிப் பந்துக்கு என் முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முகத்தைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காக்கா


ஏறாவூர்
22.12.2022

காக்கா,

நேற்று பள்ளிக்கூடம் போனேன். வாப்பா சைக்கிளில் ஏற்றிப் போனார். வீட்டுக்கு வந்தால், நீங்கள் வருவீர்கள் என்று வாங்கிய புதுப் பாயை உம்மா சுருட்டிப் பரணில் போட்டுக்கொண்டிருந்தா.

நீங்கள் பகிடிக்குத்தான் சொன்னீர்கள். போனது நான். பார்க்க வேண்டுமென்ற ஆசையும் என்னுடையதுதான்.

விடியப் போகிறது, சுபஹுக்குப் பாங்கு சொல்லும் நேரம். வாப்பா எழும்பியதும் சொல்லப் போகிறேன். பையைத் தூக்க வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கும் அலுத்துவிட்டது, பயந்து பயந்து. நீங்கள் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.

வாப்பா சொன்னது சரி. பந்து போனது இடது மூலைக்கு.

நிஸ்மியா