சாச்சி கொண்டுவந்த அரிசி

முத்துப்பேட்டை
9-2-1979

என் அருமை மகன் மீரா உசேனுக்கு, உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் வாப்பாவும் சுகம், துபாயில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். வாப்பாவுக்கு முட்டிவலி தேவலை. சம்பா அறுப்பு நின்றுகிடக்கிறது, கூலியை ஏற்றாமல் அரிவாள் எடுக்க மாட்டோம் என்று கூலியாட்கள் வயலில் கொடி நட்டுவிட்டார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம்தானே என்று சொல்லி வாப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். பதினோரு வருடமாக நம் தெருவில் நாற்பது வீட்டில் உலை வைக்கும்போது நம் மாதர் சங்கத்துக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துப் பானையில் போடுவார்கள், வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு ஒத்தாசையாக இருக்கும் பொன்னுத்தாய் பையோடு போய் வாங்கிவருவாள், அதை விற்றுத்தான் நம் தையல் வகுப்புக்கு டீச்சர் சம்பளம், நூல், எண்ணெய் எல்லாம். இரண்டு மிஷினும் அந்த அரிசியில் வாங்கியதுதான். நாலு மாதத்துக்கு முன்னால் என் தங்கை, உன் சாச்சி மெஹராஜ் பேகம், தன் மகன் சவுதியிலிருந்து அனுப்பிய டிராப்டை வைத்துத் தன் வீட்டிலேயே ஆறு மிஷின், மின்விசிறி, போர்டு என்று இன்னொரு வகுப்பு ஆரம்பித்தாள். எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை. அதில் ஒரு மிஷினில் அன்பளிப்பு என்று உன் பெயர் எழுதியிருக்கிறதே, அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றவளுக்கு ஒரு வார்த்தை எழுதினாயா?

அந்தக் கோபத்தில், சாச்சி வீட்டு அரிசி வேண்டாம், தாண்டிப் போ என்று பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டேன். அவள் வீடு தெருவில் முதல் வீடு. அங்கே பை நுழையாததைப் பார்த்த மற்றவர்கள் சங்கத்தையே மூடிவிட்டோம் என்று நினைத்துப் பானையைக் கவிழ்த்துவிட்டார்கள். இப்போது ஒன்பது வீட்டு அரிசிதான் வருகிறது. டீச்சருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, மார்ச்சோடு நின்றுகொள்கிறேன் என்கிறாள், அவள் போனால் வகுப்பும் போயிற்று. போன வாரம் சாச்சி தானே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லாத்தா, நாலு மாசத்துப் பிடி இது, ஒரு நாளும் விடல, சங்கத்து அரிசிய நாங்க எப்படித் திங்கிறது என்றாள். உன் பணக்கார வகுப்புக்கே வைத்துக்கொள் என்று கதவைச் சாத்திவிட்டேன். அவள் கையால் வாங்கியிருந்தால் தெரு முழுக்கப் பானையை நிமிர்த்தியிருப்பார்கள் என்று பொன்னுத்தாய் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத்தைத் தரட்டும். மறக்காமல் ஒரு காரியம் செய். பணம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். சாச்சிக்கு உடனே ஒரு கடிதம் போடு, அந்த அரிசியை இன்னொரு தடவை கொண்டுவரச் சொல்லி. நான் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதே.

உன் உம்மா,
நஃபீசா