ஹ்மொங் ஐயாவும் ஜொங்கா அம்மாவும்

திங்கள், பெப்ரவரி 9

விடியற்காலையிலிருந்து பனி. ரூஜிலுள்ள என் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரம். பூட்ஸுக்குள் ஈரம், நாள் முழுக்க.

வார்டில் புதிதாக இரண்டு பேர். இருவருக்கும் பக்கவாதம், இருவருக்கும் மூளையின் இடப்பக்கம், பேச்சு குழம்பியிருக்கிறது. பேச்சுச் சிகிச்சை என் வேலை, ஆகவே இருவரும் என் பொறுப்பு. நோயாளிகளின் பெயர் எழுதக் கூடாது. ஹ. ஐயா: லாவோஸில் பிறந்தவர், தாய்மொழி ஹ்மொங். ஜொ. அம்மா: பூட்டான், ஜொங்கா.

தாதி சுகந்தி அக்கா: "ரெண்டு பேரும் மலைப்பக்கத்து ஆக்கள்தானே. பாஷையும் கிட்டத்தட்ட ஒண்டாத்தான் இருக்கும். ஒரு மொழிபெயர்ப்பாளர் ரெண்டு பேருக்கும் காணாதே?"

"ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்லை அக்கா."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் வடிவாகத் தெரியாது. வாசிக்க வேண்டும்.

பின்னேரம் ஹ. ஐயாவுக்குப் போனில் மொழிபெயர்ப்பாளர். ஐயா பேசப் பேச அந்தப் பெண் திணறினார். "பந்து என்கிறார். முள் என்கிறார். மன்னிக்கவும், அர்த்தமே வரவில்லை." டொக்டர் எழுதிக்கொண்டார்: குழப்ப நிலை, பிறர் பேசுவது விளங்கவில்லை.

செவ்வாய், 10

பனி நின்றது. குளிர் கூடிவிட்டது.

ஜொ. அம்மாவின் பேச்சும் ஐயாவுடையதைப் போலத் தட்டை. ஏற்ற இறக்கம் துளியும் இல்லை. ஆனால் அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கு எல்லாம் பிடிபடுகிறது. தண்ணி கேட்டார், வந்தது. ஏன் இவருக்கு மட்டும்?

மத்தியானம் புட்டோடு வாசித்தது:

– ஜொங்கா: வினைச்சொல் கடைசியில், தமிழைப் போல. பெரியவர்களோடு பேச வேறு சொற்கள். முடிவில் 'லா' சேர்த்தால் பணிவு, எங்கள் 'வாங்கோ'வில் வரும் 'ங்கோ' மாதிரி. குரலின் உயர்வு தாழ்வு பொருளை மாற்றும், ஆனால் இரண்டே தொனி.

– ஹ்மொங்: வினை நடுவில். சொல் உருமாறாது, காலத்துக்கும் ஆளுக்கும் விகுதி இல்லை. தொனி மட்டும் ஏழோ எட்டோ. 'போ' என்ற ஒரே ஒலி, தொனியைப் பொறுத்து பந்து, முள், எறி, பெண், பார்.

பந்து. முள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"பார்க்க வேணும்" என்று சொல்லியிருப்பாரோ? தொனி மட்டும் போயிருந்தால்? அதே அடிதான் இரண்டு பேருக்கும். ஜொங்காவில் அது ஒரு கீறல். ஹ்மொங்கில் சொல்லே வேறாகிவிடுகிறது. புட்டு ஆறிப்போனது.

புதன், 11

ஐயாவின் மகள் மாயை இன்றுதான் சந்தித்தேன். பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை, இரவு ஷிஃப்ட். கண் சிவந்திருந்தது, ஜக்கெற்றைக்கூடக் கழற்றவில்லை. நாங்கள் கதைத்தது இங்கிலிஷில்தான். "அவருக்கு என் பெயரே மறந்துவிட்டது, வேறேதோ சொல்லிக் கூப்பிடுகிறார்," என்றாள்.

படப் பரிசோதனை. மொழிபெயர்ப்பாளர் போனில் சொல்லச் சொல்ல, ஐயா உரிய படத்தை இடக்கையால் தொட்டார். வலக்கை இன்னும் அசையவில்லை. நாய். குடை. 'கதவுக்கு வெளியே நிற்கிற பெண்.' ஒன்றைத் தவிர எல்லாம் சரி.

விளங்குகிறது. முழுதாக விளங்குகிறது.

மாயிடம் சொன்னேன்: அவர் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார், தொனி இல்லாமல்; பேசுவதெல்லாம் அவருக்கு விளங்குகிறது. மாய் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் பால் இல்லை. வாங்க மறந்துவிட்டேன்.

வியாழன், 12

கூட்டம். ஐயாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. சுயமாக முடிவெடுக்க முடியாதவர் என்பதால் மாயின் சம்மதம் போதுமாம். அந்த இல்லத்தில் ஹ்மொங் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. குறுக்கிட்டேன்.

டொக்டர்: "கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சொல்வது யாருக்கும் விளங்கவில்லையே."

"நாங்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறது. அவரிடமே கேட்போம்."

என் சத்தம் கூடிவிட்டது. நாளைவரை பொறுப்பதாகச் சொன்னார்கள்.

வெளியே சுகந்தி அக்கா: "ஏன் பிள்ளை உமக்கு உந்த வேலை? உந்த டொக்டர்மார் எழுதினதை மாத்தப் போகினமே?"

இரண்டு தேத்தண்ணி, சாப்பாடு இல்லை.

வெள்ளி, 13

இரண்டு படங்கள். ஒன்று மாயின் அப்பார்ட்மென்ட், மற்றது இல்லம். டொக்டர், மாய், நான், போனில் மொழிபெயர்ப்பாளர்.

எங்கே இருக்க விருப்பம்?

இல்லத்தைத் தொட்டார்.

படங்களை இடம் மாற்றி வைத்தோம். இல்லம். கேள்வியைத் திருப்பினோம்: எங்கே இருக்க விருப்பமில்லை? மாயின் வீடு. தயங்கவே இல்லை.

டொக்டர் திருத்தி எழுதினார்: சுயமாக முடிவெடுக்கக் கூடியவர். நான் சண்டை பிடித்தது இதற்காகத்தான்.

லிஃப்டடியில் மாய் என் கையைப் பிடித்தாள்.

"திங்களும் செவ்வாயும், வேலைக்குப் போகுமுன், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் அண்ணாவோடு போனில் பேசினேன். என்னால் முடியாது, என் வேலை போய்விடும் என்று. அவர் இப்படிக் கிடப்பதைவிடப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்றுகூட. எல்லாம் ஹ்மொங்கில். அவருக்கு ஒன்றும் விளங்காது என்று நீங்கள் எல்லோரும்தானே சொன்னீர்கள்?"

லிஃப்ட் வந்தது, போனது. புதன்கிழமை ஏன் அழுதாள் என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஞாயிறு, 15

லீவு. ஆனாலும் போனேன். ஜொ. அம்மா நேற்றே வீடு போய்விட்டாராம்.

ஐயாவின் கட்டிலடியில் மாய், ஜக்கெற்றோடு. "இன்னொரு தடவை கேளுங்கள். நான் இரவு வேலையை விடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டால் மாற்றிச் சொல்வார்."

கேட்கக் கூடாது. விரும்பிய பதில் வரும்வரை கேட்பது என்ன கேள்வி? தெரிந்தும் படங்களை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஐயா என்னைப் பார்க்கவில்லை. வீட்டுப் படத்தை இடக்கையால் எடுத்து, மகளின் ஜக்கெற் பையைத் தேடி உள்ளே வைத்தார். பையின் மேல் இரண்டு தரம் மெல்லத் தட்டினார்.