இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் 310. சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது 232.

இருக்கிற பெட்ரோலுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று வண்டியே காட்டுகிற எண் அது. அப்பா தினமும் இரண்டு வேளையும் அதைப் போனில் படம் பிடிக்கிறார். இன்று இரண்டு படத்தையும் அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எழுபத்தெட்டு கிலோமீட்டர். எங்க போன?"

"சலவைக்கடை, அஞ்சு ஹோட்டல், ரெண்டு ஆஸ்பத்திரி. நாற்பதுகூட வராது. ஓடின கிலோமீட்டரும் அங்கயே இருக்கு, பாருங்க."

"அதை எவன் வேணா மாத்திக் கொடுப்பான். டேங்க் பொய் சொல்லாது."

நாள் முழுக்க அம்மா பக்கத்து சீட்டில் இருந்தது நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 5

எட்டாவதோடு அப்பா என் படிப்பை நிறுத்தியபோது, மூட்டை தூக்க அம்மாவுக்கு ஆள் வேண்டும் என்று வெளியில் சொன்னார். என்னிடம் தனியாகச் சொன்னது வேறு: "அம்மா எங்க போறா, யார்கிட்ட பேசுறான்னு பாத்துக்க." பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். படுக்கைவிரிப்பு, துண்டு, தலையணை உறை. பின்கதவில் எண்ணிக் கொடுக்கிறோம், அழுக்கை எண்ணி வாங்குகிறோம். இதைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

நேற்று வாயைத் திறந்தேன். "நாங்க வேற எங்கயும் போகலப்பா." அவர் சிரித்தார். "உங்கம்மா தலையாட்டச் சொன்னா ஆட்டுற வாயில்லாப் பூச்சி நீ."

அப்புறம் எதுக்கு என் படிப்ப நிறுத்தினீங்க? இதைக் கேட்டிருக்கணும். கேக்கல.

மார்ச் 9

சக்கரத்துக்குக் காற்றடிக்க நிறுத்தினோம். அம்மா எதிர்க் கடைக்குப் போன நேரத்தில் மெக்கானிக்கிடம் நானே கேட்டேன். மனதுக்குள் நான்கு முறை சொல்லிப் பார்த்த பிறகு.

"அந்த நம்பரா? அது குறி சொல்ற மாதிரி பாப்பா. கொஞ்ச நேரமா எப்படி ஓட்டுனீங்களோ, இனிமேலும் அப்படியே ஓட்டுவீங்கன்னு நினைச்சுச் சொல்லும். மூட்டைய ஏத்திக்கிட்டு, ஏசி போட்டுக்கிட்டு, கேட்டுக்கு கேட் நின்னு நின்னு போனா மளமளன்னு இறங்கும். காலி ரோட்டுல சீராப் போனா ஏறக்கூடச் செய்யும்."

இவ்வளவுதானா! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 10

நான்தான் கெடுத்தேன். மெக்கானிக் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்ல, அவள் அப்படியே அப்பாவிடம் சொன்னாள்.

"ஓ. மெக்கானிக் வேற பழக்கமா? எந்த மெக்கானிக்?"

சோற்றுத் தட்டு சுவரில் போய் விழுந்தது. அம்மா குனிந்து பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். கேட்டது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை — ஏன் வரல? ஏன்?

மார்ச் 15, ஞாயிறு

அப்பா தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது 140. நெடுஞ்சாலையில் நண்பர் வீடு வரை போய்த் திரும்பினார். வண்டி நின்றும் அவர் இறங்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். எண் தெரிகிற கண்ணாடி மேல் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் உள்ளே வந்த பிறகு, சீட்டில் விட்ட துண்டை எடுப்பதுபோல் போய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். 151.

ஐம்பது கிலோமீட்டர் ஓடி, ஏறியிருக்கிறது.

மார்ச் 16

இன்று படம் எடுக்கவில்லை. அம்மா பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்தாள். பாட்டுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 19

"ஆஸ்பத்திரி பின்கதவுல இருபது நிமிஷம் நிக்க என்ன இருக்கு?"

யாரையோ விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அங்கே அழுக்கு மூட்டை வர நேரமாகும், அவ்வளவுதான். அம்மா அரிசி களையப் போய்விட்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது? நம்பர் சரியா தப்பா என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அவருக்கு அது தப்பு என்று ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடியும் காலையில் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். பெட்ரோல் போடுவதையும் நிறுத்திவிட்டார்.

விளக்கை அணைத்த பிறகு அம்மாவின் காதில் சொன்னேன். "போயிடலாம்மா. பெரியம்மா வீட்டுக்கு."

அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "நீயா பேசுற?" என்றாள்.

மார்ச் 23

வேலைக்குப் போகிற மாதிரியே கிளம்பினோம். எங்கள் துணிகளை அழுக்கு மூட்டைக்குள் வைத்துக் கட்டியிருந்தோம். அப்பாவே ஒரு மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்தார். "என்ன இன்னைக்கு இவ்வளவு கனம்?"

"ஈரத் துண்டு," என்றேன். நான்தான் சொன்னேன்.

64 என்று படம் எடுத்தார்.

அழுக்கைக் கொடுத்ததும் சலவைக்கடை அக்கா அம்மாவின் சம்பளத்தை முதல்முறையாக அம்மா கையிலேயே கொடுத்தாள். "உன் புருஷன் வந்து உன்னக் கேட்டா, வெளுத்துக் காயப்போட்டிருக்கேன், ரெண்டு நாள் ஆகும்னு சொல்றேன். போ."

ஊரைத் தாண்டியதும் மேடு. எண் மளமளவென்று இறங்கியது. 40. 31. 22. பெட்ரோல் பங்க் எதுவும் கண்ணில் படவில்லை. திடீரென்று எண்ணே மறைந்து, அந்த இடத்தில் மூன்று கோடுகள் மட்டும் நின்றன. அம்மா வேகத்தைக் குறைத்தாள்.

"திரும்பிடலாமா?"

"திரும்புறதுக்கும் பெட்ரோல் வேணும்மா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும். மூன்று கோடுகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியவில்லை. ஒரு பங்க் வந்தது. "எவ்வளவுக்கு?" என்று பையன் கேட்டதற்கு அம்மாவுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. இதுவரை பெட்ரோல் போட்டது அப்பாதான்.

ஏப்ரல் 12

பெரியம்மா வேலை சொல்லிவைத்திருந்த இடத்தைப் பார்க்கக் கிளம்பினோம். அம்மா தவறான தெருவில் திரும்பிவிட்டாள். வழி தெரியாமல் நெடுந்தூரம் போய்விட்டோம்.

"பரவால்ல, சுத்திக்கிட்டு வரலாம். இந்த ஊரையும் பாத்த மாதிரி ஆச்சு."

அம்மா ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினாள். ஒருமுறைகூடக் கண்ணைத் தாழ்த்தவில்லை.

எண் ஒவ்வொன்றாகக் குறையும்போதும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தது நான்தான்.