ஒரு நாளும் விடாத மாத்திரை

மாமா,

இன்று காலை என் கைகளில் சிவந்த தடிப்புகளைப் பார்த்ததும் வேப்பிலை வாசனை வந்துவிட்டது. வீட்டில் ஒரு கொத்துகூட இல்லை. தர்மபுரிக்குப் பஸ் ஏறினேன். டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்து, "புதுசா குடுத்த எச்.ஐ.வி. மாத்திரை ஒத்துக்கலைம்மா. இத நிறுத்திட்டு வேற தர்றேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

உங்களுக்கு இதைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. எண்பதுகளின் கடைசியில், நீங்கள் ஓட்டிய லாரியிலிருந்து இருமிக்கொண்டே இறங்கி வந்தீர்கள். டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேராத மனிதர், அந்த மாத்திரையை மட்டும் விடிந்ததும் கேட்டு வாங்கி விழுங்கினீர்கள். "ஒரு நாளும் உடக்கூடாதுன்னு நர்சம்மா சொல்லியிருக்காங்க புள்ள" என்பீர்கள்.

பிறகு மார்பிலும் முதுகிலும் கொப்புளம் கிளம்பியது. "அம்மை போட்டிருக்குது, ஆரும் உள்ள வராதீங்க" என்று உங்கள் அம்மா வாசலில் வேப்பிலை செருகினார். அம்மை கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. வேப்பிலையால் வருடினோம், இளநீர் கொடுத்தோம். உதடு வெந்து, முதுகுத் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் கையை நீட்டி மாத்திரை கேட்டீர்கள். தொண்டையில் இறங்காததால் பொடித்து இளநீரில் கரைத்துக் கொடுத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

கடைசியில் மனசு கேட்காமல், பாலக்கோட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போன டிராக்டரில் உங்களைக் கிடத்திக் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டர் மாத்திரையை வாங்கிப் பார்த்தார். "அம்மை இல்லம்மா. இந்த மாத்திரைதான் தோலை உரிச்சிருக்குது." அது உங்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டீர்கள். டி.பி.க்கு அடியில் உங்களுக்கு எச்.ஐ.வி. இருந்திருக்கும், அதனால்தான் அந்த மாத்திரை அப்படி வாட்டியிருக்கும் என்று, பல வருஷம் கழித்து என் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் சொன்னார்.

இந்த நோயைக் கொடுத்துவிட்டுப் போனதற்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. எந்த ரோட்டில் வாங்கி வந்தீர்களோ, கேட்கக்கூட ஆள் இல்லை. ஆனால் விடிந்ததும் மாத்திரைக்குக் கை நீளும் பழக்கமும் உங்களுடையதுதான். அதனால்தான் உயிரோடு இருக்கிறேன்.

நாளைக் காலை புது மாத்திரை. டம்ளரில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது, மாமா.