எண்பது பப்பாசி மரம்

குண்டசாலை,
14.11.2022.

மகன் திருச்செல்வத்துக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் அங்கே சுகமாய்த்தான் இருப்பீர்கள், கனடாவில் அதற்கு ஒரு குறையும் இராது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் உன் முகத்தைக் கண்டால் அம்மா இளகிப் போகிறாள், நான் வாயைத் திறந்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

தோட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் மாநகரசபையில் குழாய் திருத்திக்கொண்டிருந்த முப்பது வருஷமும் அந்த நாற்பது பேர்ச் காணியை உன் அம்மாதான் பார்த்தாள். ஈரப்பலா, முருங்கை, வாழை, கோப்பி, மிளகுக்கொடி, அடியில் மரவள்ளி, இராசவள்ளி, பொன்னாங்காணி, வல்லாரை, எது எங்கே நிற்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். ஒன்று காய்க்காவிட்டால் இன்னொன்று சட்டிக்கு வரும், மழை பிந்தினாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். நீ அதைத் தின்றுதான் அந்த உயரம் வளர்ந்தாய். லீவில் வந்தபோது அதைக் காடு என்றாய். குளிருக்குள் உட்கார்ந்து யூடியூப்பில் விவசாயம் படித்த பெரிய மனிதன் அல்லவா நீ. எல்லாவற்றையும் வெட்டுங்கள், ஒரே ஜாதிச் சிவப்புப் பப்பாசி எண்பது கன்று வரிசையாய் வையுங்கள் என்று மூன்று மாதம் என் காதைக் குடைந்தாய். முருங்கையையாவது விடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள், நிழல் விழும் என்றாய். நான் கோடரியை எடுத்தேன். வெட்டியது நான்தான், அதை மறைக்கவில்லை. சொன்னது நீ, அதை நீயும் மறைக்காதே. பக்கத்து வீட்டு றலியாவின் பலாக் கிளை நம் பக்கம் சாய்கிறது என்று கிராம சேவகரிடம் முறையிடச் சொன்னவனும் நீதான். முறையிட்டேன், கிளையை வெட்டுவித்தேன். அன்றோடு றலியா எங்களிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

பெப்ரவரியில் உன் தங்கச்சி ராஜகுமாரி முழுகாமல் இருப்பது தெரிந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை, அதனால் அவள் எங்களோடு இருந்தாள். அப்போது மரமெல்லாம் காய்த்துத் தொங்கியது. எண்பது மரம், அத்தனையும் பப்பாசி. பிள்ளைத்தாய்ச்சிக்குப் பப்பாசி கொடுக்கிற வீடு நம் சனத்தில் எங்கேயாவது உண்டா? கட்டிக் கொடுத்த பெண் இருக்கிற வீட்டில் அதை மட்டும் நடும்போது நீயும் நானும் ஒரு நிமிஷம் யோசித்தோமா? பழுத்ததென்றால் பயமில்லை என்று மிட்வைஃப் சொன்னாள், அம்மா காதில் வாங்கவே இல்லை. விற்றுவிட்டு வேறு வாங்குங்கள் என்றாய். நாட்டில் டீசல் இல்லாமல் லொறிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன, வாங்க எவன் வருவான்? மே மாதம் ஒரு மரத்தில் இலை மஞ்சளாகிச் சுருண்டது, காயில் வளையம் வளையமாய்ப் புள்ளி விழுந்தது. எல்லாம் ஒரே ஜாதி, ஒன்றுக்கு வந்தது எண்பதுக்கும் வந்தது. ஆடி முடிவதற்குள் மொட்டைக் கம்புகள்தான் மிச்சம். பருப்பு, முட்டை எல்லாம் கைக்கு எட்டாத விலை. சோறும் சம்பலும், சில நாள் வெறும் ரொட்டி. இரத்தம் குறைவு, கீரை கொடுங்கள், பயறு கொடுங்கள் என்று மிட்வைஃப் கார்டில் எழுதி எழுதிக் கொடுத்தாள். கீரை இருந்த இடத்தில் உன் வரிசை நின்றது.

அப்போதுதான் றலியா வேலிக்கு மேலால் அவித்த பலாக்கொட்டையும் பொன்னாங்காணிச் சுண்டலும் நீட்டினாள். புள்ளைக்குக் குடுங்க, நம்ம சண்டை வயித்துல இருக்கிறதுக்கு என்னத்துக்கு என்றாள். நான் திருப்பிக் கொடுத்தேன். கிளையை வெட்டச் சொன்ன வாய்க்கு வாங்க வெட்கம். இரண்டாம் தரமும் திருப்பினேன். மூன்றாம் தரம் ராஜகுமாரி தானே வேலிக்குப் போய் வாங்கி, அங்கேயே நின்றபடி அள்ளி அள்ளித் தின்றாள். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகளை அந்தப் பசியில் பார்த்த கண் இது. ஆனால் பிந்திவிட்டது. எட்டாம் மாதத்திலேயே பிறந்தது, பெண், ஒன்றேகால் கிலோ. மூன்று நாள்தான் இருந்தது. நீ போனில் கடவுள் சித்தம் என்றாய். கடவுள் பப்பாசி நடச் சொல்லவில்லை. காரணம் பல இருக்கலாம் என்றார் டாக்டர், நல்ல மனிதர். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம், உனக்கும் தர மாட்டேன்.

போன வாரம் டிராகன் பழத்துக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாய். இனி இந்தக் காணியைப் பற்றி நீ வாய் திறக்கக் கூடாது. றலியா மரவள்ளித் தடியும் இராசவள்ளித் துண்டும் தந்தாள், அவள் தம்பி நளீர் அலவத்துகொடவிலிருந்து முருங்கைக் கம்பு கொண்டுவந்து கொடுத்தான். அம்மா பழையபடி எல்லாவற்றையும் கலந்து நட்டுக்கொண்டிருக்கிறாள். ஏப்ரலில் வருவதாகச் சொன்னாயாம், வா. தங்கச்சியிடம் மட்டும் தோட்டப் பேச்சு எடுக்காதே. அவள் என்னோடே இன்னும் சரியாய்ப் பேசுவதில்லை.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும், அவர்கள் ஒரு பாவமும் செய்யவில்லை. நீயும் நன்றாயிரு, பெற்ற வாயால் வேறு சொல்ல வரவில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். ஜூலையில் கப்பலில் போட்ட தொட்டில் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டாயாம். போன கிழமை வந்தது. நல்ல மரம், நல்ல வலை, காற்றுப் போகிறது. றலியா தந்த பயற்றங்காய் விதையும் பூசணி விதையும் அதில்தான் காய்கின்றன. ராஜகுமாரிதான் பரப்பி வைத்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
செல்லச்சாமி.