மூன்றாவது தூணின் வடம்

தங்கச்சிக்கு,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் மருமகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நேற்றுக் காலை நிலம் ஆடியபோது அவள் போகிற பள்ளிப் பேருந்து ஆற்றுப்பாலத்தின் நடுவில் இருந்தது. போன் வந்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். போய்ப் பார்த்தால், பிள்ளைகள் எல்லாம் கரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறார்கள்!

அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்து, ஏணி வைத்து மூன்றாவது தூணில் ஏறினேன். பாலத்தின் தளம் ஒரு முழம் நகர்ந்திருக்கிறது. இன்னும் நாலு விரல் நகர்ந்திருந்தால் தூணை விட்டு ஆற்றில் விழுந்திருக்கும். நீ மாட்டச் சொன்ன இரும்பு வடம்தான் விறைத்துக்கொண்டு அதை இழுத்துப் பிடித்திருக்கிறது.

அந்த வடத்துக்காக நீ அனுப்பிய கோப்பில் ஒரு மாதம் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தவன் நான். "பாலம் என்ன ஓடிப்போற மாடா, கயிறு போட்டுக் கட்ட?" என்று அலுவலகக் கூட்டத்தில் உன்னை வைத்துச் சிரித்தவனும் நான்தான். நீ என்னைத் தாண்டி மேலதிகாரியிடம் போய் அனுமதி வாங்கினாய். ஆறு வருஷம் ஆகிறது, நான் உன்னோடு பேசி.

அத்தை போட்ட வடம் என்று மகளிடம் சொன்னேன். "போட்டோல இருக்காங்களே, அவங்களா?" என்று கேட்கிறாள்.

பாலத்தை மூடியாச்சு. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு, ஊரைச் சுற்றி உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திற.

மாடு ஓடத்தான் பார்த்தது, தங்கச்சி.

அண்ணன்